மாடி வீட்டு வாயாடி

அந்த மாடி வீட்டை நினைத்தால் எக்ஸ்சேஞ்ச் அக்காவுக்கு முதலில் ஞாபகம் வருவது அதன் வாசனைகள்தான். படி ஏறி முடிகிற இடத்தில் பழைய மரக்கதவின் வார்னிஷ் வாசனை. உள்ளே நுழைந்தால் சுண்ணாம்பு. சமையலறை ஜன்னல் பக்கம் போனால் கீழ் வீட்டிலிருந்து ஏறி வரும் சலவை சோப்பு வாசனை. அங்கிருந்து கிளம்பி வருடங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கும் தெருவில் எங்காவது புதிதாக வார்னிஷ் அடித்த கதவைக் கடந்தால் அவள் நடை கொஞ்சம் தளரும். கணவர் "என்ன?" என்பார். "ஒண்ணுமில்ல, மாடி வீடு" என்பாள். அவரும் அதற்கு மேல் கேட்க மாட்டார்.

அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பெரிய மருத்துவமனை ஒன்றின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. டாக்டர்கள் முதல் துப்புரவு ஆட்கள் வரை எல்லோருக்கும் அவள் எக்ஸ்சேஞ்ச் அக்காதான். அவளை விட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். யாருக்கு எந்த வார்டு, எந்த டாக்டர் எந்த நேரத்தில் போனை எடுக்கவே மாட்டார் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். "என்ன நர்ஸம்மா, இன்னைக்கும் சாப்பிடலையா?" என்று எடுத்த எடுப்பில் கேட்பாள். குரலே காட்டிக்கொடுத்துவிடும்.

அப்படிப்பட்டவளுக்கு வீடு கிடைப்பதுதான் குதிரைக்கொம்பாக இருந்தது. பெண்கள் விடுதியில் இருந்துகொண்டு வீடு தேடினாள். போனில் பேசும்போது வீட்டுக்காரர்கள் தேனாக ஒழுகுவார்கள். வெள்ளைக் கோலை ஊன்றிக்கொண்டு நேரில் போய் நின்றால், "அடடா, இப்பத்தான் ஒருத்தருக்குப் பேசி முடிச்சோம்" என்பார்கள். "அந்த ஒருத்தரு யாருன்னே தெரியல. இருக்கற எல்லா வீட்டையும் அவரே எடுத்திருக்காரு" என்று விடுதித் தோழியிடம் சொல்லிச் சிரிப்பாள்.

மாடி வீட்டின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். கணவர் இல்லை, ஒரே மகள் வெகு தூரத்தில். கீழே தனியாக இருந்தார். கதவைத் திறந்து இவளை ஏற இறங்கப் பார்த்திருப்பார் போல. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எனக்கு ஒரே கண்டிஷன்தான். சுவத்துல ஓட்டை போடக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது. பெயின்ட் அடிச்சு ஒரு மாசம்தான் ஆகுது" என்றார்.

"எங்கிட்ட மாட்டி வச்சுப் பாக்கறதுக்குப் படம் எதுவும் இல்லம்மா" என்றாள் அக்கா.

வீட்டுக்காரம்மா களுக்கென்று சிரித்துவிட்டார். சாவி கைமாறியது.

மாடி வீட்டுக்கு வந்த புதிதில் அக்கா விளக்கே போடுவதில்லை. வேண்டுமென்று செய்ததில்லை. விளக்கு என்று ஒன்று இருப்பதே ஞாபகத்துக்கு வராது. மாலையில் வேலை முடிந்து வந்து, சமைத்து, சாப்பிட்டு, ரேடியோ கேட்பது எல்லாம் இருட்டிலேயே நடந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் மாடி காலியாகக் கிடக்கிறது என்றே நினைத்தார்கள். அப்படி யாரோ சொன்னதை நம்பி ஒரு நாள் மாலை வீட்டு புரோக்கர் ஒருவர் ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு மாடியேறிவிட்டார். காற்றுக்காகக் கதவை ஒருக்களித்து வைத்திருந்தாள் அக்கா. புரோக்கர் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, "ஹால் நல்லா விசாலமா இருக்கும் பாருங்க. காத்தும் வரும். முன்னாடி இருந்தவங்க ரொம்ப சுத்தம்" என்று அளந்துகொண்டே சுவரில் சுவிட்சைத் தடவினார்.

நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்கா பழக்க தோஷத்தில், "வணக்கம், உங்களுக்கு யார் வேணும்?" என்று எக்ஸ்சேஞ்ச் குரலில் கேட்டாள்.

வீடு பார்க்க வந்த அம்மாள் போட்ட அலறல் தெருமுனை வரை கேட்டதாம். குடும்பமே விழுந்தடித்துப் படியிறங்கி ஓடியது. புரோக்கரின் செருப்பில் ஒன்று படியிலேயே கிடந்தது. அதை எடுக்க அவர் திரும்பி வரவே இல்லை.

விஷயம் கேட்டு வீட்டுக்காரம்மா மேலே வந்தார். "ஏம்மா, உனக்கு வேணாம்னாலும் எங்களுக்காகவாவது ஒரு லைட்டப் போட்டு வையேன். இந்த வீட்டுல பேய் இருக்குன்னு கிளப்பி விட்டுடப் போறாங்க."

"போட்டா அணைக்க மறந்துடுதும்மா. முன்னெல்லாம் குண்டு பல்பு. பக்கத்துல கைய நீட்டினா சூடு தெரியும், எரியுதுன்னு கண்டுபிடிச்சிடுவேன். இப்ப வர்ற பல்பு எரிஞ்சாலும் ஒண்ணு, எரியலேன்னாலும் ஒண்ணு. ரெண்டும் சில்லுனு இருக்கு."

இந்தக் கதையை மறுநாள் மருத்துவமனை ஒயர்மேனிடம் போனில் சொன்னாள். ஒவ்வொரு மாடியிலும் மின் வேலை பார்த்து முடித்ததும் எக்ஸ்சேஞ்சுக்குத் தகவல் சொல்வது அவர் வழக்கம். அந்தச் சாக்கில் இரண்டு வார்த்தை பேசுவார். அம்மாவைப் பார்த்துக்கொள்வதிலேயே வயது போய், கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்துவிட்ட மனிதர். புரோக்கர் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "மேடம், சொன்னா எரியற பல்பு வந்திருக்கு. எரியுதான்னு கேட்டா பதில் சொல்லும். ஓட்டை கீட்டை ஒண்ணும் வேணாம்" என்றார்.

"பொய் சொல்லாதீங்க அண்ணே."

"ஞாயித்துக்கிழமை கொண்டுவர்றேன். பாருங்க."

'பாருங்க' என்று சொன்னதற்கு அவர் நாக்கைக் கடித்துக்கொண்டது அவளுக்கு போனிலேயே கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மா காவலுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். ஒயர்மேன் பழைய பல்பைக் கழற்றினார், அதே ஹோல்டரில் புதியதைத் திருகினார், உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் ஒன்றை மேசைமேல் வைத்து பிளக்கைச் செருகினார், தன் செல்போனில் எதையோ தட்டினார். அவ்வளவுதான் வேலை. "இவ்வளவுதானா? சுத்தியலே எடுக்கலையே" என்றார் வீட்டுக்காரம்மா, ஏதோ ஏமாந்துபோனவர் போல.

ஒயர்மேன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "விளக்கைப் போடு" என்றார். ஸ்பீக்கர், புரியவில்லை என்றது. மறுபடி சொன்னார். புரியவில்லை என்றது. "இதுக்கும் நான் பேசறது புரிய மாட்டேங்குது" என்று அலுத்துக்கொண்டார். அக்கா தன் எக்ஸ்சேஞ்ச் குரலில் ஒரே தடவைதான் சொன்னாள். "விளக்கு எரிகிறது" என்று பதில் வந்தது. அவள் கையை நீட்டி பல்பைத் தடவிப் பார்த்தாள். சில்லென்றுதான் இருந்தது. "எரியுதாம்மா?" என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டு உறுதிசெய்த பிறகுதான் நம்பினாள். அன்று முழுக்கப் போட்டுப் போட்டு அணைத்தாள், புதுச் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே இருக்கும் பிள்ளை மாதிரி.

ஸ்பீக்கருக்கு 'வாயாடி' என்று பெயர் வைத்தது வீட்டுக்காரம்மா. ஆரம்பத்தில் அவருக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. எதிர்வீட்டு விவகாரம் பேச வேண்டுமானால் முதலில் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஏதாவது ஒரு சாமானோடு ஒயர்மேன் வந்தார். கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தால் சொல்லும் காசளவு மின்னணு வில்லை ஒன்று. குழாயை மூட மறந்து தரையில் தண்ணீர் நின்றால் கத்தும் வில்லை ஒன்று. மின்சார அடுப்பை அணைத்தாயிற்றா என்று கேட்டால் சொல்லும் பிளக். எல்லாமே இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பில் ஒட்டியவை; வேண்டாமென்றால் உரித்து எடுத்துவிடலாம். வாஷிங் மெஷினின் வழுவழுப்பான பட்டன்கள் விரலுக்குத் தட்டுப்படவில்லை என்று ஒருமுறை சொன்னாள். அடுத்த வாரமே அவற்றின்மேல் ரப்பர் பொட்டுகளை ஒட்டிக் கொடுத்தார். ஒட்டி முடித்த பிறகு டீ. டீ முடிந்த பிறகு பேச்சு. பேச்சு முடிகிற பாடாக இருக்காது.

"இந்த வீட்டுல இனிமே ஒட்டறதுக்கு இடமில்ல" என்றார் வீட்டுக்காரம்மா ஒரு நாள், அவர் போன பிறகு. "ஒட்டிக்கிட்டே இருக்கறது இப்ப அந்த மனுஷன்தான்."

"சும்மா இருங்கம்மா. உதவி பண்றாரு."

"ஆமா ஆமா. அது சரி, அவரை அண்ணேன்னு கூப்பிடறத எப்ப நிறுத்தின?"

அக்காவுக்குக் காது சூடாகிவிட்டது. எப்போது நிறுத்தினோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த நாட்களின் மாலைகள்தான் அவளுக்கு இன்றும் கரையாமல் இருக்கின்றன. வீட்டுக்காரம்மா பேப்பரை எடுத்துக்கொண்டு மேலே வருவார். டீ போட்டு இருவரும் ஜன்னல் பக்கத்தில் உட்காருவார்கள். முதல் பக்கத்திலிருந்து விளையாட்டுப் பக்கம் வரை அவர் உரக்கப் படிப்பார். நடுநடுவே கணக்கு டீச்சர் புத்தி தலைகாட்டும். "பாதிப் பேருக்கு மேல ஆதரவுங்கறான், கூட்டிப் பாத்தா பாதிகூட வரல. இவனையெல்லாம் ஃபெயில் ஆக்கணும்" என்பார். பக்கம் புரளும் சத்தம், டீ உறிஞ்சும் சத்தம், கீழே தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்திப் பூட்டும் சத்தம். விடுதியில் இருந்த காலத்தில் இப்படி ஒரு மாலை தனக்கும் வாய்க்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

ஒருமுறை ஒயர்மேன் லீவு போட்டுவிட்டு அம்மாவோடு சொந்த ஊருக்குப் போயிருந்தார். அந்த வாரம் மின்சாரம் போய்ப் போய் வந்தது. அதனால் என்ன? மாலையானதும், "விளக்கு எரியுதா?" என்று கேட்பாள் அக்கா. "எரிகிறது" என்று வாயாடி சொல்லும். வீட்டுக்காரம்மாவும் வழக்கம்போல வந்து உட்கார்ந்து பேப்பர் படித்தார். ஒரு பாலம் திறந்தார்கள், எங்கோ நல்ல மழை, கால்பந்து ஆட்டத்தில் கோல்கீப்பர் கையை உடைத்துக்கொண்டார். எல்லாம் படித்தார்.

ஒயர்மேன் திரும்பி வந்த அன்று மாலையே மாடியேறினார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன இது? வீடு முழுக்க செக்கச்செவேல்னு இருக்கு!"

"என்னது?"

"கரன்ட் போயிட்டு வந்ததுல பல்பு குழம்பிப்போயிருக்கு. செவப்பு கலர்ல, அதுவும் மினுக்கு மினுக்குனு எரியுது. அந்தக் காலத்துல போட்டோ கழுவற ரூம் இருக்குமே, அந்த மாதிரி. எத்தனை நாளா இப்படி எரியுது?"

"எனக்கெப்படித் தெரியும்? எரியுதான்னு கேட்டேன், எரியுதுன்னுச்சு. கலர் கேக்கணும்னு தோணல." சொல்லிச் சிரித்தவள் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினாள். "இந்த வெளிச்சத்துல பேப்பர் படிக்க முடியுமா?"

"நல்லாக் கேட்டீங்க. தலைப்பு எழுத்துகூடத் தெரியாது."

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இந்த வாரம் முழுக்க வீட்டுக்காரம்மா இதே இடத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தாரே. விளக்கு சிவப்பாக எரிகிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே. கொஞ்ச நாளாக அவர் படியேறும்போது ஒவ்வொரு படியிலும் கால் தேடித் தேடி விழும் சத்தமும், டீ டம்ளரை மேசையில் வைக்கும் முன் கை தடவும் சத்தமும் இப்போது ஒவ்வொன்றாக அவள் காதில் திரும்பக் கேட்டன. ஊராரின் குரலில் பசியைக் கண்டுபிடிக்கிறவளுக்குப் பக்கத்திலேயே இருப்பவரின் காலடி விளங்காமல் போய்விட்டதே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

ஒயர்மேன் பல்பைச் சரிசெய்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விட்டார்.

மறுநாள் வீட்டுக்காரம்மா பேப்பரோடு வந்தார். டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "இன்னைக்குப் பேப்பர் வேணாம்மா. சும்மா பேசிட்டிருப்போம்" என்றாள் அக்கா.

பேப்பர் மடிக்கப்படும் சத்தம்.

"கண்டுபிடிச்சிட்டியா?"

"லைட்டு வாரம் பூரா செவப்பா எரிஞ்சுதுன்னு அவரு சொன்னாரு."

"ஓ" என்றார் அவர். "எனக்கு எல்லாமே கொஞ்ச நாளா ஒரே பொகை மூட்டமாத்தான் இருக்கு, கலருகூடப் பிரிச்சுத் தெரியல. நடுவுல மட்டும் ஒரு சின்ன ஓட்டை வழியா பாக்கற மாதிரி. காலைல ரேடியோல செய்தி கேப்பேன். அத வச்சு ஒப்பேத்தினேன்."

"அப்போ விளையாட்டுச் செய்தி?"

"அது முழுக்க என் சொந்தச் சரக்கு."

"அந்தக் கோல்கீப்பரு? கை ஒடைஞ்சு போச்சுன்னீங்களே. நான் ரெண்டு நாளா அவரை நினைச்சுப் பாவப்பட்டுட்டிருந்தேன்."

"அவரு நல்லாத்தான் இருப்பாரு. கைய ஒடைச்சது நான்தான்."

இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரித்துச் சிரித்து டீ சிந்தியது. அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அக்காவால் பிற்பாடு சொல்ல முடிந்ததே இல்லை. வீட்டுக்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கிட்ட சொல்லத்தான் வெக்கமா இருந்துச்சும்மா. நீ ஒண்ணுமே இல்லாம இவ்வளவு செய்யற. எனக்குக் கொஞ்சம் குறைஞ்சதுக்கே பயந்து சாகறேன். படிக்க முடியலைன்னு சொன்னா சாயங்காலம் இங்க வர்றதுக்கு ஒரு காரணம் வேணாமா?"

"காரணம் எதுக்கும்மா? டீக்கு வாங்க."

மறுநாள் காலை இருவரும் ஒன்றாக மருத்துவமனைக்குப் போனார்கள். கண் டாக்டர் எக்ஸ்சேஞ்ச் அக்காவின் குரலைக் கேட்டதும் எழுந்து வந்து கூட்டிப்போனார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுகொண்டிருந்தது. போன பார்வை போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். வேளை தவறாமல் சொட்டு மருந்து. வேளை தவறினால் வம்பு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒயர்மேன் கீழ் வீட்டுக்கும் ஒரு வாயாடியைக் கொண்டுவந்தார். மருந்து நேரம் வந்ததும் அது கூப்பிடும். போட்டாயிற்று என்று சொல்லும்வரை விடாது. "போடறேன், போடறேன், உயிர எடுக்காத!" என்று வீட்டுக்காரம்மா அதனோடு மல்லுக்கு நிற்பது மாடிவரை கேட்கும். அடுப்பின் திருகுகளில் எங்கே ரப்பர் பொட்டு ஒட்ட வேண்டும், தண்ணீர் நிரம்புவதை டம்ளரின் சத்தத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையெல்லாம் அக்கா சொல்லிக் கொடுத்தாள். கணக்கு டீச்சர் மோசமான மாணவி. எதிர்க்கேள்வி கேட்டே உயிரை வாங்கினார். மாலையில் பேப்பரை இப்போது மாடி வாயாடி படித்தது. இவர் விடவில்லை. "என்ன படிப்பு இது, மூச்சு விடாம? கமா இருக்கற இடத்துல நிக்கத் தெரியல" என்று அதையும் ஃபெயில் ஆக்கினார்.

பார்வை குறைந்தவர், மற்ற விஷயத்தில் எதையும் விட்டுவைக்கவில்லை. ஒயர்மேனின் அம்மா காலமாகி ஒரு வருடம் கழிந்திருந்தது. ஒரு நாள் அவரை உட்காரவைத்து நேராகவே கேட்டார். "இன்னும் எத்தனை வில்லை ஒட்டப் போறீங்க? வாயைத் திறந்து கேட்டுட வேண்டியதுதானே?"

ஒயர்மேன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, "நான் சொன்னா அந்த ஸ்பீக்கருக்கே புரிய மாட்டேங்குது…" என்று இழுத்தார்.

"எனக்குப் புரியுது" என்றாள் அக்கா.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. மருத்துவமனையில் எல்லா வார்டுக்கும் டீ. ஒரு பெட்டியும் ஒரு கருவிப் பையுமாக ஒயர்மேன் மாடிக்குக் குடிவந்தார். வந்த பிறகு அவர்தான் விளக்கை அணைக்க மறந்தார். "இன்னும் எரியுதான்னு கேளு" என்று படுக்கையிலிருந்தே சொல்வார். அவர் பேசுவது கடைசிவரை வாயாடிக்குப் புரியவே இல்லை.

நல்ல வருடங்கள் அவை. வாழும்போது அது தெரியவில்லை. அலாரம் அடித்தது, சாப்பாடு கட்டினார்கள், சண்டை போட்டார்கள், குழாய் ஒழுகியது. அவ்வளவுதான் என்றிருந்தது.

ஒரு நாள் மகள் வந்து வீட்டுக்காரம்மாவைத் தன்னோடு அழைத்துக்கொண்டாள். தனியாக விட அவளுக்கு மனசில்லை. அதில் தப்பும் இல்லை. வீடு கைமாறியது. வாங்கியவர் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போவதாகச் சொன்னார். கிளம்பும் நாளில் வீட்டுக்காரம்மா காருக்குள் உட்கார்ந்த பிறகும் கண்ணாடியை இறக்கிவிட்டு அக்காவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். வண்டி நகர்ந்த பிறகுதான் அவர் குரல் வந்தது: "சாப்பிடு, நேரத்துக்குச் சாப்பிடு!"

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் போன் வந்தது. கடைசிவரை ஒரு சின்ன ஓட்டை அளவு பார்வை அவருக்கு மிஞ்சியிருந்தது. அதில் பேத்தியின் முகம் தெரிகிறது என்று சொல்வார். ஒரு நாள் மகள்தான் போன் செய்தாள். அக்கா எக்ஸ்சேஞ்சில் இருந்தாள். போனை வைத்துவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தாள். 'வணக்கம்' என்று ஆரம்பித்தவளுக்கு மேற்கொண்டு குரல் எழவில்லை. பக்கத்து மேசைக்காரர் வாங்கிப் பேசினார். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படி ஒன்று நடந்ததில்லை.

வீடு கைமாறிய கையோடு மாடியைக் காலி செய்தபோது ஒயர்மேன் தலை உலர்த்தும் மெஷினால் சூடு காட்டி, ஒவ்வொரு வில்லையாகப் பிசின் இளக்கி உரித்தெடுத்தார். எல்லாமாகச் சேர்ந்து ஒரு அட்டைப் பெட்டியில் அடங்கிவிட்டன. இப்போது இருக்கும் வீடும் வாடகைதான். கீழ்த்தளம், சின்ன ஹால், பின்னால் யாருடையதோ தோட்டம். வந்து இறங்கிய முதல் நாள் ஒயர்மேன் அட்டைப் பெட்டியைப் பிரித்துவிட்டு, "வாயாடிய எங்க வைக்கலாம்?" என்று கேட்டார்.

"ஒரு வாரம் போகட்டும்" என்றாள் அக்கா. "இந்த வீடு என்ன சத்தம் போடுதுன்னு முதல்ல கேட்டுக்கறேன்."

சுவரைத் தொட்டுக்கொண்டே மெல்ல நடந்தாள். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பின்பக்கத் தோட்டத்தில் ஒரு பெண் இன்னொருத்தியிடம், புதுசாகக் குடிவந்தவர்கள் எப்படிப்பட்டவர்களோ என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா ஜன்னலைத் திறந்து, நல்லவர்கள்தான் என்று சொல்லிவிட்டு, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று விசாரித்தாள்.